பி.எம்.டபிள்யூ இன்ஜின் எந்த ஊர்க்காரர்?

இன்னைக்கு ஒரு பேரோட விரிவாக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பி.எம்.டபிள்யூ. ஜெர்மன்ல 'பயரிஷே மோட்டோரன் வெர்க்கே'. தமிழ்ல சொன்னா 'பவேரிய இன்ஜின் ஆலை'. கவனிச்சீங்கன்னா அந்தப் பேர்ல கார்ங்கிற வார்த்தையே இல்லை. ஊர் இருக்கு, இன்ஜின் இருக்கு, ஃபேக்டரி இருக்கு. அவ்வளவுதான்.

பவேரியா ஜெர்மனியோட தெற்கு மாநிலம். அதோட தலைநகர் மியூனிக். கம்பெனியோட தலைமையகமும் தாய் ஃபேக்டரியும் அங்கதான் இருக்கு. 2023 நவம்பர்ல அந்த மியூனிக் ஃபேக்டரியில இருந்து கடைசியா ஒரு வி8 இன்ஜின் வெளியே வந்தது. அதோட அங்க கார் இன்ஜின் தயாரிப்பு முடிஞ்சது. அந்த இடத்தை எலக்ட்ரிக் கார் கட்டுறதுக்கு ஒதுக்கிட்டாங்க. இன்ஜின் பிரிவுல இருந்தவங்களுக்குப் பயிற்சி கொடுத்து வேற பிரிவுகளுக்கு மாத்தினாங்க. மிச்சம் இருந்த இன்ஜின் வேலை ஆஸ்திரியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போயிடுச்சு.

அதாவது 'பவேரிய இன்ஜின் ஆலை'ன்னு பேர் வச்ச கம்பெனி, தன்னோட தாய்வீட்டுல பெட்ரோல், டீசல் இன்ஜின் செய்யறதை நிறுத்திடுச்சு.

இதை ஏன் இன்னைக்குப் பேசறோம்னா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 3 சீரிஸோ எக்ஸ்1-ஓ பார்த்துட்டு இருக்கற யார்கிட்ட பேசினாலும் இந்தக் கேள்வி வரும்: "இது ஒரிஜினல் ஜெர்மன் இன்ஜினா, இல்ல நம்ம ஊர்ல பூட்டினதா?" புரோக்கரும் அதை வச்சே விலை பேசுவார். "சார், இது இம்போர்ட்டட் வண்டி"ன்னு சொல்லி கூட ரெண்டு லட்சம் கேப்பார். அந்த ரெண்டு லட்சத்துக்கு அர்த்தம் இருக்கான்னு பார்க்கணும்னா, இன்ஜின் எங்க தயாராகுதுங்கறதை முதல்ல சரியாப் புரிஞ்சுக்கணும்.

முதல்ல ஒரு உலகச் சுற்றுலா போயிட்டு வந்துடலாம்.

பி.எம்.டபிள்யூ-வோட பெரிய இன்ஜின் ஃபேக்டரி எங்க இருக்குன்னு கேட்டா, பதில் ஸ்டையர். ஆஸ்திரியாவுல ஒரு சின்ன ஊர். 1979-ல அங்க இருந்த ஸ்டையர்-டைம்லர்-புக் கம்பெனியோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்சாங்க. பிறகு முழுசா பி.எம்.டபிள்யூ கைக்கு வந்தது. இன்னைக்கு வருஷத்துக்கு 10 லட்சம் இன்ஜினுக்கு மேல தயாரிக்கற அளவுக்கு அது வளர்ந்திருக்கு. இன்னொரு விஷயம், கம்பெனியோட டீசல் இன்ஜின்களை உருவாக்கற பொறியியல் மையமும் ஸ்டையர்லதான் இருக்கு. அதனால 'டிசைன் எல்லாம் மியூனிக், தயாரிப்பு மட்டும் வெளியில'ன்னு கூட சொல்ல முடியாது. ஒரு 320டி ஓட்டறவர் 'ஜெர்மன் டீசல்'னு பெருமைப்பட்டா, ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர் லேசா இருமுவார்.

ரெண்டாவது, இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல ஹாம்ஸ் ஹால். 2001-ல திறந்தது. மூணு சிலிண்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள் அங்க நிறைய தயாராகுது. மினி கார்களுக்கும் அங்க இருந்துதான் போகுது. மூணாவது, சீனாவுல ஷென்யாங். அங்க விற்கற கார்களுக்கு அங்கயே இன்ஜின்.

பைக் பக்கம் வந்தா கதை இன்னும் சுவாரசியம். பெர்லின்ல ஸ்பான்டாவ் ஃபேக்டரியில, பி.எம்.டபிள்யூ-வோட அடையாளமான பாக்ஸர் இன்ஜின்களைச் செய்யறாங்க. ரெண்டு சிலிண்டரும் இடமும் வலமுமா கை நீட்டின மாதிரி நிக்குமே, அதுதான். ஆனா 2018-ல வந்த எஃப் 750 ஜி.எஸ், எஃப் 850 ஜி.எஸ் பைக்குகளோட இன்ஜின் சீனாவின் லோன்சின் கம்பெனி தயாரிப்பு. அதுக்கு முந்தைய எஃப் 800 பைக்குகளுக்கு ஆஸ்திரியாவோட ரோட்டாக்ஸ். அப்புறம் ஜி 310 ஆர்? அது நம்ம ஓசூர். அதுக்குப் பின்னாடி வரேன்.

இப்போ சிலர் சொல்லுவீங்க, "அந்தக் காலத்துல எல்லாமே ஜெர்மனியிலதானே செஞ்சாங்க, இப்பதான் கெட்டுப்போச்சு"ன்னு. அந்தக் காலத்தையும் பார்த்துடுவோம். பி.எம்.டபிள்யூ ஆரம்பத்துல செஞ்சது விமான இன்ஜின். முதல் உலகப் போர் முடிஞ்சு வெர்சாய் ஒப்பந்தம் வந்ததும் ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக் கூடாதுன்னு ஆயிடுச்சு. வேற வழியில்லாம பிழைப்புக்கு வேற பொருள் தேடினாங்க. 1923-ல ஆர் 32ங்கிற பைக் வந்தது. கார்? 1928-ல ஐசனாக் நகரத்துல ஒரு கார் ஃபேக்டரியை விலைக்கு வாங்கினாங்க. அந்த ஃபேக்டரி அப்போ டிக்ஸிங்கிற சின்ன காரைச் செஞ்சிட்டு இருந்தது. அது இங்கிலாந்தோட ஆஸ்டின் செவன் காரை லைசென்ஸ் வாங்கித் தயாரிச்சது.

அப்போ பி.எம்.டபிள்யூ லோகோவோட ரோட்டுக்கு வந்த முதல் கார் எது? ஆங்கிலேயர் வடிவமைச்சது. இன்ஜின் வெறும் 750 சி.சி-க்குக் கிட்ட. தயாரான ஊர் ஐசனாக், அது பவேரியாவே இல்லை, தூரிங்கியா. அதனால 'சுத்தமான பவேரிய இன்ஜின்'ங்கிற பொற்காலத்தைத் தேடிப் பின்னாடி போனா, கார் விஷயத்துல முதல் நாளே நமக்குக் கிடைக்கறது பிரிட்டிஷ் டிசைன்தான்.

சரி, 'எங்க தயாராகுது'ங்கற கேள்விக்கு ஏன் நேரா ஒரு பதில் வரமாட்டேங்குது? ஏன்னா அது ஒரு கேள்வியே இல்லை. குறைஞ்சது நாலு கேள்வி ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஒண்ணு, யார் டிசைன் பண்ணாங்க. ரெண்டு, உலோகத்தை யார் வார்த்து, கடைஞ்சு கொடுத்தாங்க. அதாவது சிலிண்டர் பிளாக், சிலிண்டர் ஹெட், கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் எல்லாம் எங்க உருவாச்சு. மூணு, யார் எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டினாங்க. நாலு, பூட்டினதை யார் சோதிச்சு 'ஓகே, அனுப்பு'ன்னு கையெழுத்துப் போட்டாங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது பழகின விஷயம். கோட் எழுதறவங்க பெங்களூர்ல இருப்பாங்க, பில்டு ஆகற சர்வர் அயர்லாந்துல இருக்கும், டெஸ்டிங் டீம் சிறுசேரியில இருக்கும். அந்த ஆப்பை 'எந்த ஊர் ஆப்'னு கேட்டா என்ன சொல்வீங்க?

ஆனா இந்த உவமை ஒரு இடத்துல உடையும், அந்த இடம்தான் முக்கியம். சாஃப்ட்வேரை எந்த சர்வர்ல பில்டு பண்ணினாலும் வெளிய வர்ற ஃபைல் ஒண்ணுதான். லட்சம் காப்பி எடுத்தாலும் ஒரு பிட் மாறாது. உலோகம் அப்படி இல்லை. ஒவ்வொரு காப்பியும் கொஞ்சம் வேற. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல விடற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்கு, நம்ம தலைமுடியோட தடிமனை விடக் குறைவு. அதுக்குள்ள லட்சக்கணக்கான இன்ஜின்கள் வந்து நிக்கணும்.

அதனால ஃபேக்டரி முக்கியமே இல்லைன்னு சொல்ல முடியாது, ரொம்பவே முக்கியம். ஆனா அது எந்த நாட்டுல இருக்குங்கறதை விட, அங்க வேலை எப்படி நடக்குதுங்கறதுதான் விஷயம். இப்போ ஒரு நவீன லைன்ல சிலிண்டர் ஹெட் போல்ட் முறுக்கறது எப்படின்னா, முதல்ல ஒரு குறிப்பிட்ட டார்க் வரைக்கும், அப்புறம் அதுக்கு மேல இத்தனை டிகிரி கோணம்னு மெஷினே திருப்பும். எந்த இன்ஜின் நம்பருக்கு எந்த போல்ட் எவ்வளவு முறுக்கிச்சுன்னு சிஸ்டத்துல பதிவாகும். கடைசியில கோல்டு டெஸ்ட்னு ஒண்ணு. பெட்ரோலோ டீசலோ ஊத்தாம, ஒரு எலக்ட்ரிக் மோட்டாரை வச்சு இன்ஜினைச் சுத்த விடுவாங்க. ஆயில் பிரஷர், சுத்தறதுக்கு ஆகற பலம், அதிர்வு எல்லாத்தையும் சென்சார் வச்சு வரைபடமா எடுப்பாங்க. ஏதாவது ஒரு பாகம் தப்பா உக்காந்திருந்தா அந்தக் கோடு காட்டிக் கொடுத்துடும். இந்த ஒழுங்கு இருக்கற இடத்துல இன்ஜின் நல்லா வரும். அது இல்லாட்டி மியூனிக்கா இருந்தாலும் வராது.

இந்த நாலு கேள்வியையும் கையில வச்சுக்கிட்டு இப்போ நம்ம ஊருக்கு வரலாம்.

ஜி.எஸ்.டி ரோட்ல செங்கல்பட்டு பக்கம் போயிருந்தீங்கன்னா, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி வரும். 2007 மார்ச்ல அங்க பி.எம்.டபிள்யூ கார் ஃபேக்டரி திறந்தது. ஆரம்பத்துல இன்ஜின் வெளிநாட்டுல இருந்து முழுசாப் பூட்டின நிலையில வந்தது. இங்க அதைக் காருக்குள்ள இறக்குவாங்க.

அப்புறம் நடுவுல ஒரு பட்ஜெட் வந்தது. 2011-ல மத்திய அரசு 'உதிரியா வர்ற கார் கிட்'டுன்னா என்னன்னு தெளிவா வரையறுத்தது. சுங்கவரியில மூணு படி உருவாச்சு. காரை முழுசாக் கொண்டுவந்தா உச்ச வரி, விலை உயர்ந்த கார்களுக்கு 2013-ல அது 100 சதவீதம் ஆச்சு. உதிரியாக் கொண்டுவந்தாலும், அதுல இன்ஜினோ கியர்பாக்ஸோ ஏற்கனவே பூட்டின நிலையில இருந்தா அப்போ 30 சதவீதம். அதையும் பிரிச்சுக் கொண்டுவந்து இங்க பூட்டினா 10 சதவீதம், 2018-ல அது 15 ஆச்சு. சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஆனா தர்க்கம் ஒண்ணுதான்: இன்ஜினை எங்க பூட்டறேங்கறதுதான் மொத்த கிட்டோட வரியையும் தீர்மானிக்குது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு கிட்டோட மதிப்பு 20 லட்சம்னு வைங்க. 30 சதவீதம்னா 6 லட்சம் வரி. 15 சதவீதம்னா 3 லட்சம். ஒரு காருக்கு 3 லட்சம் வித்தியாசம். இன்ஜினைப் பூட்டறதுக்கு இங்கேயே ஒரு லைன் போட்டுடலாம்னு எந்த அக்கவுண்டண்ட்டும் சொல்லுவார்.

2015-ல அதுதான் நடந்தது. பி.எம்.டபிள்யூ சென்னை கார்கள்ல உள்ளூர்ப் பங்கு 50 சதவீதம் வரைக்கும்னு அறிவிச்சாங்க. அந்த விழாவுக்கு சச்சின் டெண்டுல்கர் வந்து ஒரு காரை அசெம்பிள் பண்ணக் கைகொடுத்தார். கியர்பாக்ஸ் இசட்.எஃப் ஹீரோ, சீட் லியர், இன்ஜின் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்.

ஃபோர்ஸ் மோட்டார்ஸ் யாருன்னு தெரியுதா? பழைய பஜாஜ் டெம்போ. குலதெய்வம் கோவிலுக்கு வேன் பிடிச்சு, பின் சீட்டுல புளியோதரை தூக்குச்சட்டியோட போவோமே, அந்த டிராவலர் வேனைச் செய்யற கம்பெனி. அவங்கதான் பி.எம்.டபிள்யூ-வுக்குன்னே சென்னையில தனி பிளாண்ட் போட்டு இன்ஜின் பூட்டிச் சோதிச்சுக் கொடுக்கறாங்க. சிரிக்காதீங்க. 1990-களோட கடைசியிலேயே மெர்சிடிஸ் பென்ஸுக்கு புனேவுல இன்ஜின் பூட்ட ஆரம்பிச்சவங்க இவங்க. நம்ம வேன்ல ஓடின டீசல் இன்ஜினும் ஒரு மெர்சிடிஸ் டிசைன் வழி வந்ததுதான்.

இப்போ நாலு கேள்வியைப் போடுங்க. சென்னை பி.எம்.டபிள்யூ இன்ஜினோட டிசைன்? மியூனிக், ஸ்டையர். முக்கியமான உலோக பாகங்கள்? வெளியில இருந்து வருது. பூட்டறது, சோதிக்கறது? இங்க. அந்தப் பூட்டற முறை, மெஷின், டெஸ்ட், எல்லை அளவுகள் எல்லாத்தையும் பி.எம்.டபிள்யூ-தான் வகுத்துக் கொடுக்குது. அதனால 'சென்னையில பூட்டினது மட்டம்'னு சொல்றதுக்கு இன்ஜினியரிங் ரீதியா அடிப்படை கிடையாது. அந்தப் புரோக்கர் கேட்ட ரெண்டு லட்சம், பில் இல்லாத மரியாதைக் கட்டணம். அதே சமயம் 'இன்ஜின் நாங்கதான் செய்யறோம்'னு நாம மார் தட்டிக்கறதுக்கும் இங்க பெருசா எதுவும் இல்லை. அந்த லைன் இங்க இருக்கறதுக்கு முக்கியக் காரணம் வரி. வரி மாறினா லைனோட காரணமும் ஆட்டம் காணும்.

இப்போ ஓசூர். இதே தமிழ்நாடு, இதே லோகோ, ஆனா கதை வேற.

2013 ஏப்ரல்ல டி.வி.எஸ்-ஸும் பி.எம்.டபிள்யூ பைக் பிரிவும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 500 சி.சி-க்குக் கீழ பைக்குகளைச் சேர்ந்து உருவாக்கறதுன்னு. அதுல வந்ததுதான் 313 சி.சி ஒத்தை சிலிண்டர் இன்ஜின். அதுல ஒரு விசேஷம் உண்டு. வழக்கமா பைக் இன்ஜின்ல காத்து உள்ள போற வழி பின்பக்கம், புகை வெளிய வர்ற வழி முன்பக்கம் இருக்கும். இதுல தலைகீழ். சிலிண்டர் பின்னாடி சாஞ்சிருக்கும், காத்து முன்னாடி போகும், சைலன்ஸர் குழாய் பின்னாடி வரும். எடை முன்பக்கம் நகரும், பைக் வளைவுல நிதானமா இருக்கும்.

அந்த இன்ஜினும் பைக்கும் ஓசூர்ல தயாராகுது. இங்க ஓட மட்டும் இல்லை, ஐரோப்பாவுக்கும் போச்சு. மியூனிக்ல ஒரு காலேஜ் பையன் தன்னோட முதல் பி.எம்.டபிள்யூ-வா ஜி 310 ஆர் வாங்கினா, அது கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்து கப்பல் ஏறினது. 'இம்போர்ட்டட் வண்டி'ங்கற வார்த்தை அங்க நம்மளைக் குறிக்குது.

இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. 2017 டிசம்பர்ல டி.வி.எஸ் அதே அடித்தளத்துல தன்னோட அப்பாச்சி ஆர்.ஆர் 310-ஐ இறக்கினாங்க. அப்போ ரெண்டு பைக்குக்கும் சக்தி 34 குதிரைத்திறன். 2023-ல ஆர்.டி.ஆர் 310 வந்தது, 35-க்கு மேல. 2024-ல ஆர்.ஆர் 310-ஐப் புதுப்பிச்சப்போ 38. பி.எம்.டபிள்யூ-வோட ஜி 310 அதே 34-ல நின்னுச்சு. அதாவது கத்துக்கிட்டவங்க, கத்துக்கிட்டதை வச்சு மேல போனாங்க. முதல் டிசைனை மட்டும் இல்லாம அடுத்த டிசைனையும் எழுதற கை ஓசூர்ல இருக்கு.

இதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயம். சென்னை, ஓசூர் ரெண்டுமே 'மேட் இன் இந்தியா'. ரெண்டும் பி.எம்.டபிள்யூ. ஆனா ஒரு இடத்துல நமக்கு வந்திருக்கறது கடைசி ரெண்டு வேலை. இன்னொரு இடத்துல நாலு வேலையிலயும் நம்ம பங்கு இருக்கு. இதுல எது நம்ம ஊர்ல தங்கும்? வரிக்காக வந்தது வரியோட போகலாம். டிசைனைத் திருத்தத் தெரிஞ்சவங்க இருக்கற இடத்துல, ஒப்பந்தம் முடிஞ்சா கூட வித்தை போகாது. ஸ்டையரையே பாருங்க. 1979-ல மியூனிக் கொடுத்த வேலையைச் செய்ய ஆரம்பிச்ச ஊர், டீசல் டிசைனைத் தன் கைக்குள்ள கொண்டுவந்தது. 2023-ல மியூனிக் கைவிட்ட வேலையில ஒரு பங்கும் அதுகிட்ட வந்தது. 2025-ல பி.எம்.டபிள்யூ-வோட புதுத் தலைமுறை எலக்ட்ரிக் மோட்டார் தயாரிப்பும் ஸ்டையர்லதான் ஆரம்பிச்சிருக்கு. பெட்ரோல் போனாலும் ஊர் நிக்குது.

மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐ.டி-க்கு வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். இன்ஜினியரிங் காலேஜ்ல ஐ.சி இன்ஜின் பேப்பர்ல பாஸ் ஆனவங்க இங்க லட்சக்கணக்குல இருக்கோம். அதனால ஒரு மந்திரி வந்து புது பிளாண்டுக்கு ரிப்பன் வெட்டும்போது, எத்தனை கோடி முதலீடுங்கற தலைப்புச் செய்தியோட நிறுத்திக்காதீங்க. அங்க வார்ப்பு, மெஷினிங் வருதா? டெஸ்ட் பெஞ்ச் வருதா? டிசைன் டீம் வருதா? இந்த மூணையும் கேளுங்க. அந்தப் பதில்லதான் நம்ம தம்பி தங்கச்சிங்களுக்கு என்ன மாதிரி வேலைங்கறது இருக்கு.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கறவங்களுக்கு. இன்ஜின் கோடைப் பாருங்க, அது ஊரை விட அதிகம் சொல்லும். 2013-14-க்கு அப்புறம் வந்த பி.எம்.டபிள்யூ இன்ஜின்கள்ல பி37, பி38, பி47, பி48, பி57, பி58னு இருக்கும். முதல் எண் 3-ன்னா மூணு சிலிண்டர், 4-ன்னா நாலு, 5-ன்னா ஆறு. ரெண்டாவது எண் 7-ன்னா டீசல், 8-ன்னா பெட்ரோல். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 500 சி.சி, அதை மூணு, நாலு, ஆறுன்னு அடுக்கறாங்க. ஒரே ஃபங்ஷனை வேற வேற இடத்துல கூப்பிடற மாதிரி. 2019-ல வந்த டொயோட்டா சுப்ராவுக்குள்ள இருக்கறதும் இந்த பி58தான். டொயோட்டா லோகோ, பி.எம்.டபிள்யூ இன்ஜின், கார் பூட்டினது ஆஸ்திரியாவோட கிராட்ஸ்ல. அதை வாங்கினவங்க யாரும் 'ஜப்பான் இன்ஜின் இல்லையே'ன்னு அழுததாத் தெரியலை.

கோடைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்த இன்ஜினுக்கு வழக்கமா வர்ற பிரச்னை என்னன்னு தேடலாம். அப்புறம் சர்வீஸ் ரெக்கார்ட் கேளுங்க. ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தினாங்க, கூலன்ட் லீக் இருந்ததா, காலையில கோல்டு ஸ்டார்ட்ல சத்தம் எப்படி இருக்குன்னு பாருங்க. எந்த ஊர்ல பூட்டினாலும் இன்ஜினோட ஆயுசை முடிவு பண்றது அதுக்கப்புறம் ஆயில் மாத்தினவர் கைதான். இதையெல்லாம் கேட்டதும் புரோக்கர் "சார் விவரமான ஆளு"ன்னு ஒரு ஐம்பதாயிரம் தானா குறைப்பார்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. உங்க வண்டியோட இன்ஜின் எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்து எழுதுங்க. ஆட்டோ, பஸ், டிராக்டர் எதுவா இருந்தாலும் சரி. நல்ல கதையா இருந்தா அதையே ஒரு எபிசோடாப் பண்ணிடலாம். அடுத்த வாரம் பேசுவோம்.